குரலும் மேடையும்

(மூன்றாம் ஆண்டு பி.ஏ., ஆங்கில இலக்கியம்)

நாடகத்தைப் 'பார்க்கிறோம்' என்று சொல்லியே நாம் பழகிவிட்டோம். "நேற்று நாடகம் பார்த்தாயா?" என்று கேட்போமே தவிர, "நாடகம் கேட்டாயா?" என்று யாரும் கேட்பதில்லை. நாடகம் என்றதும் திரைச்சீலையும், ஒளி விளக்குகளும், ஒப்பனையும், உடையுந்தாம் நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றன. வானொலி நாடகம் என்று ஒன்று இருப்பதையும் அறிவோம். ஆயினும், மேடை கிடைக்காதவர்கள் செய்யும் வேலை என்பதுபோல் அதை ஒரு படி கீழேதான் வைத்திருக்கிறோம். ஒலி வேறு, மேடை வேறு. ஒன்று காதுக்கு, மற்றொன்று கண்ணுக்கு என்று கோடு கிழித்தாற்போல் பிரித்து வைத்திருக்கிறோம்.

இந்தப் பிரிவினை சரிதானா? இக்கேள்விக்கு ஒரு மனிதருடைய வாழ்க்கை எனக்கு விடை தந்தது. அவர் நடிகர், நாடகாசிரியர், இயக்குநர், வானொலி நாடகத் தயாரிப்பாளர், தம் 81-ஆம் வயதில் மீண்டும் ஒலிவாங்கியின் முன் அமர்ந்த குரல் நடிகர். அவர் பெயர் ஆலன் அய்க்போர்ன். இங்கிலாந்தில் அவர் பெயரை அறியாத நாடக ரசிகர் இரார். நம் பாடத்திட்டத்தில் அவர் இடம் பெறாமையால் நம்மிடையே அறிந்தோர் சிலரே. ஆகவே அவரைப்பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அய்க்போர்ன் 1939-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் லண்டனைச் சார்ந்த ஹாம்ப்ஸ்டெட் என்னும் பகுதியில் பிறந்தார். தந்தை, லண்டன் சிம்பொனி இசைக்குழுவில் வயலின் வாசித்தவர். தாய், பெண்கள் இதழ்களுக்குச் சிறுகதை எழுதிப் பொருள் ஈட்டியவர். இருவரும் பிரிந்துவிட்டமையால் மகன் தாயிடமே வளர்ந்தார். வீட்டில் இடையறாது தட்டச்சுப்பொறியின் ஓசை கேட்டுக்கொண்டிருக்கும். எழுத்து என்பது சோறு போடும் தொழில் என்பதை அச்சிறுவர் புத்தகத்தில் படித்து அறியவில்லை. காதால் கேட்டே அறிந்தார் எனலாம். பின்னர்த் தாய் ஒரு வங்கி மேலாளரை மணந்துகொண்டார். தம் நாடகங்களில் நடுத்தர வகுப்புக் குடும்பங்களின் வரவேற்பறைகளையும் உணவு மேசைகளையும் அவர் அத்துணை நுட்பமாகக் காட்டுவதற்கு, அவ்விளமைக்கால வீடுகள் காரணமாக இருக்கலாம். சிரித்துப் பேசும் பேச்சுக்கு அடியில் சினம் ஓடுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவர்.

பள்ளிப் படிப்பை 17 வயதில் முடித்தவர் பல்கலைக்கழகம் போகவில்லை. 1956-இல் எடின்பரோ நாடக விழாவுக்கு வந்த டொனால்டு உல்ஃபிட் என்னும் புகழ்பெற்ற நடிகரின் குழுவில் மேடை உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே மூன்று வார வேலை. பிறகு வேறு சில ஊர்க் குழுக்களில் வேலை. மேடை உதவியாளர் என்றால் என்ன? நாற்காலி நகர்த்த வேண்டும். தேநீர்க் கோப்பை உரிய இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வசனம் மறந்த நடிகருக்கு மறைவிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். உரிய நொடியில் கதவு மணியை ஒலிக்கச் செய்ய வேண்டும். கைதட்டல் கிடைக்காத வேலைகள் இவை. ஆனால், ஒரு நாடகம் எந்த நொடியில் எதனால் தடுமாறுகிறது என்பதை அந்த மறைவிடத்தில் நிற்பவனைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை.

1957-இல் அவர் ஸ்கார்பரோவுக்கு வந்து சேர்ந்தார். இது யார்க்ஷயர் பகுதியில் வட கடலோரத்தில் அமைந்த சிற்றூர். கோடைக் காலத்தில் கடற்காற்று வாங்க வரும் மக்களால் நிறையும்; குளிர்காலத்தில் வெறிச்சோடிவிடும். அவ்வூர்ப் பொது நூலகத்தின் மாடியில் ஸ்டீபன் ஜோசப் என்பவர் 1955-இல் ஒரு நாடக அரங்கைத் தொடங்கியிருந்தார். மற்ற அரங்குகளைப் போல் ஒரு பக்கம் மேடை, மறுபக்கம் மக்கள் என்பதில்லை. நடிகர்கள் நடுவில், மக்கள் நாற்புறமும் சூழ அமர்ந்திருப்பர். திரைச்சீலை கிடையாது. வரைந்த காட்சித் தட்டிகளும் கிடையா. வைத்தால் எதிர்ப்புறம் இருப்பவரின் பார்வையை அவை மறைத்துவிடும் அன்றோ?

இந்த வட்ட அரங்கைப்பற்றிப் படித்தபோது எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. நடுவில் நிற்கும் நடிகன் எந்தப் பக்கம் திரும்பினாலும் எவருக்கேனும் முதுகைக் காட்டியே நிற்கிறான். கண்ணசைவையும் புருவ நெறிப்பையும் நம்பி அவன் அங்கே நடிக்க இயலாது. முதுகுப்புறம் இருப்பவருக்கு அவன் முகம் குரலில்தான் இருக்கிறது. ஆகவே, கண்ணுக்கு மிக அருகில் நாடகத்தைக் கொண்டுவந்த அவ்வரங்கே, காதையும் மிகுதியாக நம்பியிருந்தது. அய்க்போர்ன் நாடகம் கற்ற பள்ளி இதுதான்.

அங்கும் அவர் முதலில் மேடை உதவியாளர், பிறகு நடிகர். ஒலி, ஒளி வேலைகளையும் விரும்பிச் செய்தார். நாடா ஒலிப்பதிவுக் கருவியில் இடியும் மழையும் தயாரிப்பதில் அவருக்கு அளவிறந்த ஆர்வம் இருந்தது. ஹெரால்டு பிண்டர் என்ற பெயரை நாம் அறிவோம். பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய 'தி பர்த்டே பார்ட்டி' நாடகம் லண்டனில் தோல்வியுற்ற பின், 1959-இன் தொடக்கத்தில் ஜோசப்பின் குழு அதனை மீண்டும் மேடையேற்றியது. பிண்டரே வந்து இயக்கினார். ஸ்டான்லி என்னும் முதன்மைப் பாத்திரம் அய்க்போர்னுக்கு. இந்த மனிதன் எங்கிருந்து வந்தவன், இவன் பின்னணி என்ன என்று இளைஞர் ஆர்வத்தோடு கேட்க, அது உனக்கு வேண்டாத வேலை, வசனத்தைக் கவனி என்னும் பொருள்படப் பிண்டர் காரமாகச் சொல்லிவிட்டாராம். கடுமையான விடைதான். ஆயினும், ஒரு பாத்திரம் பேசுகிற பேச்சுக்குள்ளேயே அதன் வரலாறு முழுதும் அடங்கியிருக்க வேண்டும் என்னும் பாடம் அதில் இருக்கிறது.

நாடகாசிரியர் ஆன கதை அதைவிடச் சுவையானது. தமக்குக் கிடைத்த ஒரு வேடம் நன்றாக இல்லை என்று அவர் ஜோசப்பிடம் குறைபட்டுக்கொண்டார். அப்படியானால் நல்ல வேடமாக நீயே ஒன்று எழுதிக்கொள். எழுதினால் மேடையேற்றுகிறேன் என்றார் ஜோசப். அதன் விளைவே 1959-இல் 'ரோலண்ட் ஆலன்' என்ற புனைபெயரில் வெளிவந்த 'தி ஸ்கொயர் கேட்'. குறைபட்டுக்கொள்ளும் மாணவனை வாயடைக்கச் செய்வது எளிது. பேனாவைக் கையில் கொடுத்து எழுதச் சொல்லும் ஆசிரியர்கள் அரியவர்கள். ஜோசப் 1967-இல் தம் 46-ஆம் வயதில் புற்றுநோயால் மறைந்தார். அவ்வூர் அரங்கு அவர் பெயரைத் தாங்கியே விளங்குகிறது.

இடையில் ஒரு தோல்வி. அய்க்போர்ன் 1963-இல் எழுதிய 'மிஸ்டர் வாட்நாட்' என்னும் நாடகம் புதுமையானது. அதன் நாயகன் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவன்; நாடகம் முழுவதும் ஒரு சொல்லும் பேசமாட்டான். அவனைச் சுற்றிலும் நூற்றுக்கணக்கில் ஒலிகள் மட்டும் எழுந்துகொண்டிருக்கும். ஸ்டோக் நகரில் மக்கள் அதை விரும்பினர். 1964-இல் லண்டனுக்குப் போனபோது திறனாய்வாளர்கள் கடுமையாகத் தாக்கினர். சில வாரங்களில் நாடகம் நின்றது. அதே ஆண்டில் ரோதர்ஹாம் என்னும் ஊரில் இரண்டே பாத்திரங்கள் கொண்ட 'டூ ஃபார் தி சீஸா' என்ற நாடகத்தில் ஹெதர் ஸ்டோனி என்ற நடிகையுடன் அவர் நடித்தார். அதுவே நடிகராக அவர் மேடையில் நின்ற கடைசி நாடகம். அப்போது வயது 25.

இனி நடிப்பில்லை, எழுத்தும் கைவிட்டுவிட்டதுபோல் தோன்றியது. அந்நிலையில் அவர் போய்ச் சேர்ந்த இடம் லீட்ஸ் நகரத்துப் பி.பி.சி. வானொலி நிலையம். அங்கே நாடகத் தயாரிப்பாளராக 1970 வரை பணியாற்றினார். அந்த ஆண்டுகளை அவர் வாழ்க்கையின் இடைவேளை என்று சிலர் கடந்து போகக்கூடும். என் எண்ணம் வேறு.

வானொலி நாடகம் எப்படி உருவாகிறது என்று எண்ணிப் பாருங்கள். நடிகர் ஒலிவாங்கிக்கு நெருங்கி வந்து தாழ்ந்த குரலில் பேசினால் அவர் கேட்பவரின் நெஞ்சுக்குள் பேசுகிறார். நான்கடி தள்ளி நின்று அதே சொல்லைச் சொன்னால் அடுத்த அறையிலிருந்து பேசுகிறார். ஒரு பெட்டியில் பரப்பிய சரளைக் கற்களை மிதித்தால் தோட்டப் பாதை தோன்றிவிடுகிறது. அங்கே கட்டட வேலையும் காட்சி வேலையும் எல்லாம் காதுக்குள்தான். மற்றொரு விதியும் உண்டு. வானொலியில் ஒரு பாத்திரம் நெடுநேரம் பேசாதிருந்தால் அது அறையை விட்டே மறைந்துவிடும். அது இன்னும் அங்கே இருக்கிறது என்று கேட்பவருக்கு உணர்த்த, யாராவது அதன் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும். அல்லது அதன் கோப்பை ஒலிக்க வேண்டும். யார் பேசுகிறார், யார் பேசவில்லை என்பதை ஒவ்வொரு நொடியும் கணக்கு வைத்துக்கொள்ளாமல் இத்தொழிலைச் செய்ய முடியாது. பிறர் எழுதிய நாடகங்களை இப்படி நாள்தோறும் காதால் எடைபோட்ட ஒருவர், தம் நாடகத்தை எழுதும்போது அந்தக் காதைக் கழற்றி வைத்துவிட்டா எழுதுவார்?

வானொலியில் பணியாற்றிய காலத்திலேயே வெற்றி வந்தது. 1965-இல் ஸ்கார்பரோவில் வேறொரு பெயரில் நடைபெற்ற நாடகம், 'ரெலட்டிவ்லி ஸ்பீக்கிங்' என்ற பெயரில் 1967-இல் லண்டனில் மேடையேறியது. காதலியின் தாய் தந்தையரின் வீடு என்று தவறாக நினைத்து ஓர் இளைஞன் வேறொரு வீட்டுக்குப் போய்ப் பெண் கேட்கிறான். உண்மையில் அவ்வீட்டுக்காரர் அவளிடம் கள்ள உறவு கொண்டிருந்தவர். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததை வைத்துக்கொண்டு பேச, அடுத்தவர் அதை வேறாகப் புரிந்துகொள்ள, நாடகம் முழுவதும் சொற்களின் மேலேயே நடக்கிறது. நோயல் கவார்டு என்ற மூத்த நாடகாசிரியர் பாராட்டித் தந்தி அனுப்பினார்.

இந்நாடகத்தை நான் வாய்விட்டுப் படித்தே அறிந்தேன். அதற்குக் காரணம் என் வகுப்பு நண்பன் ஒருவன். அவன் பிறவியிலேயே பார்வையில்லாதவன். பாடப் புத்தகங்களில் பலவற்றை இப்போது அவனுடைய கைப்பேசியே படித்துக் காட்டிவிடுகிறது. வரலாறோ கட்டுரையோ ஆனால் அது போதும். நாடகத்திற்கு உதவுவதில்லை. கணவன் பேசினாலும் மனைவி பேசினாலும், அடித்துக்கொண்டாலும் அணைத்துக்கொண்டாலும் அந்தக் கருவிக்கு ஒரே தொனிதான். ஆகவே நாடகங்களை மட்டும் மாலையில் நூலக வராந்தாவில் உட்கார்ந்து நான் படிப்பேன், அவன் கேட்பான். பழைய புத்தகக் கடையில் கிடைத்த அய்க்போர்ன் நாடகங்களும் அப்படித்தான் எங்களிடம் வந்தன.

அவற்றுள் ஒன்று 1972-இல் ஸ்கார்பரோவில் முதலில் மேடையேறிய 'ஆப்சர்ட் பர்சன் சிங்குலர்'. மூன்று அங்கங்கள், மூன்று ஆண்டுகளின் கிறிஸ்துமஸ் விருந்துகள், மூன்று வீடுகள். விருந்து நடக்கும் கூடத்தைக் காட்டாமல், விருந்தினர் ஒளிந்துகொள்ள ஓடிவரும் சமையலறையையே ஆசிரியர் மேடையாக்கியிருக்கிறார். முதல் அங்கத்தில் பாட்டர் தம்பதியர் என்று இருவர் உண்டு. அவர்கள் மேடைக்கு வருவதே இல்லை. கூடத்தில் அவர்கள் அடிக்கும் கொட்டமும் சிரிப்பும் மட்டுமே கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே வரும். முதல் நாள் மாலை அந்தப் பகுதியைக் கேட்டுவிட்டு நண்பன் கடகடவென்று சிரித்தான். "அந்தப் புருசன் பெண்டாட்டி விஷயத்தில் எனக்கும் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவனுக்கும் வித்தியாசமே இல்லை, பார்த்தாயா! அவனும் காதால்தான் பார்க்கிறான்" என்றான். அதுவரை அந்தப் பக்கத்தை நான் அப்படி எண்ணிப் பார்த்ததில்லை.

மறுநாள் இரண்டாம் அங்கம். ஈவா என்னும் பெண் தன் சமையலறையில் இருக்கிறாள். கணவன் தன்னை விட்டுப் பிரியப் போவதாகச் சொல்லிவிட்டான். வாழ்வு வெறுத்துப்போன அவள் உயிரை மாய்த்துக்கொள்ளப் பல வழிகளில் முயல்கிறாள். அங்கம் முழுவதும் அவள் ஏறக்குறைய பேசுவதே இல்லை. விருந்துக்கு வந்தவர்களோ ஒவ்வொருவராக உள்ளே வந்து, அவள் செய்வதைத் தப்பாகப் புரிந்துகொண்டு உதவி செய்ய முனைகிறார்கள். ஒருத்தி, அடுப்பைத் துலக்கத்தான் இவள் குனிந்திருக்கிறாள் என்று எண்ணித் தானே துலக்க உட்கார்ந்துவிடுகிறாள். ஒருவர் தொட்டிக் குழாயைப் பழுது பார்க்கிறார். ஒருவர் விளக்கைச் சரிசெய்கிறார். ஆளுக்கொரு பேச்சாகச் சமையலறை நிறைகிறது. சாக நினைப்பவளை மட்டும் ஒருவரும் காணவில்லை. அரங்கில் இருப்போர் சிரித்துச் சிரித்துப் பின் தம் சிரிப்புக்காகத் தாமே கூசிப்போகும் இடம் அது.

நான் மற்றவர்களின் வசனங்களை ஆளுக்கொரு குரலில் விரைவாகப் படித்துக்கொண்டு போனேன். நண்பன் சிரிக்கவில்லை. சற்று நேரம் பொறுத்து என் கையைப் பிடித்து நிறுத்தினான். "ஏண்டா, ஈவா இன்னும் உள்ளேதான் இருக்கிறாளா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வி என்னை உலுக்கியது. வானொலி விதி அங்கே கண்முன் நடந்தது. பேசாதவள் அவனுக்கு அறையிலிருந்து மறைந்துகொண்டிருந்தாள். ஆனால் அவன் அவளைத் தேடினான்! மேடையில் அவளைச் சுற்றியிருந்த ஐந்து பேரும் அவளைக் கண்ணால் கண்டும் காணவில்லை. அவளைக் காணவே முடியாத ஒருவன் அவள் எங்கே என்று கேட்டான். பிறகு அடைப்புக்குறிக்குள் இருந்த மேடைக் குறிப்புகளையும் ஒன்று விடாமல் படித்தேன். அங்கத்தின் முடிவில் அதுவரை வாய் திறவாத ஈவா திடீரென்று ஒரு கிறிஸ்துமஸ் பாட்டைப் பாடத் தொடங்குகிறாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்கிறார்கள். அவ்விடத்தில் நண்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "வந்துவிட்டாள்" என்றான். அவ்வளவுதான்.

வானொலியை விட்டு வந்த இரண்டே ஆண்டுகளில் அய்க்போர்ன் இதை எழுதினார். பேசாதவள் மறைந்துவிடுவாள் என்று ஒலிவாங்கியின்முன் கற்ற ஒருவரே, பேசாதவளை நடுவில் நிறுத்தி இத்தகைய காட்சியை எழுதியிருக்க முடியும் என்பது என் துணிபு.

இதற்குச் சில வாரங்களுக்குப் பின் எங்கள் துறை மாணவர்கள் ஆண்டு விழாவுக்கு நாடகம் போட முனைந்தனர். நண்பன் தானும் சேர விரும்பினான். "மேடையைப் பார்க்க முடியாதவன் நாடகத்தில் என்ன செய்வான்?" என்று ஒருவர் கேட்டார். கேலியாக அன்று, விளங்காமலேதான் கேட்டார். நான் அய்க்போர்னின் லீட்ஸ் வானொலி ஆண்டுகளைப்பற்றிச் சொன்னேன். ஒரு வாரம் ஒத்திகையைக் கேட்க அவனை விடுங்கள் என்று வேண்டினேன். அவன் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். முதல் நாளே, "அப்பாவாக வருகிறவன் மகளிடம் பேசவில்லை, சுவரிடம் பேசுகிறான்" என்றான். போய்ப் பார்த்தால் அந்த மாணவர் மகளை நோக்காமல் பக்கத் திரையை நோக்கியே பேசிக்கொண்டிருந்தார். "நாற்காலி இழுக்கும் சத்தம் அம்மாவின் கடைசிச் சொல்லை விழுங்குகிறது" என்றான். நாற்காலியின் காலில் துணி சுற்றினோம். அவ்வாரம் கழிந்தபின் அவன் ஒத்திகைக்கு வர வேண்டுமா என்று எவரும் கேட்கவில்லை. அவன் வரும்வரை ஒத்திகை தொடங்கவில்லை.

அய்க்போர்னுக்கு வருவோம். 1972 முதல் 2009 வரை ஸ்கார்பரோ அரங்கின் கலை இயக்குநராக அவர் இருந்தார். 37 ஆண்டுகள்! நூலக மாடியிலிருந்து 1976-இல் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்துக்கும், 1996-இல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த பழைய ஓடியன் திரைப்பட மாளிகைக்கும் அரங்கு இடம் மாறியது. ஊர் மாறவில்லை. அவர் நாடகங்களில் பெரும்பாலானவை முதலில் அச்சிற்றூர் மக்கள் முன்பே அரங்கேறின. அதன் பிறகே லண்டன். 1973-இன் 'தி நார்மன் காங்க்வெஸ்ட்ஸ்' மூன்று நாடகங்களின் தொகுப்பு. ஒரே வார இறுதியில் ஒரே வீட்டில் நடப்பதை உணவறையிலிருந்து ஒன்றும், வரவேற்பறையிலிருந்து ஒன்றும், தோட்டத்திலிருந்து ஒன்றுமாகக் காட்டுகின்றன. ஒன்றில் கதவுக்கு அப்பால் கேட்ட கூச்சலின் காரணத்தை மற்றொன்றில்தான் அறிவோம். 1982-இன் 'இன்டிமேட் எக்ஸ்சேஞ்சஸ்' ஒருத்தி சிகரெட் பிடிப்பதா வேண்டாமா என்னும் அற்பத் தீர்மானத்தில் தொடங்கிப் பதினாறு முடிவுகளாகக் கிளைக்கிறது. பத்துப் பாத்திரங்கள், நடிப்பவர் இருவரே. உடையை மாற்றினால் போதாது; குரலையும் நடையையும் மாற்றினாலன்றி யார் வந்தார் என்பது விளங்காது. 1999-இன் 'ஹவுஸ்', 'கார்டன்' என்னும் இரண்டும் ஒரே கட்டடத்தின் இரு அரங்குகளில் ஒரே நேரத்தில், ஒரே நடிகர்களால் நடிக்கப்பெறுபவை. அங்கே காட்சி முடித்த நடிகர் இங்கே ஓடிவர வேண்டும். நொடிக் கணக்கு தவறினால் இரண்டும் கவிழும்.

தலைநகரம் அவரை அழைக்காமல் இல்லை. லண்டன் தேசிய நாடக அரங்கின் அழைப்பை ஏற்று 1986 முதல் இரண்டாண்டுகள் அங்கே பணியாற்றினார். 1987-இல் ஆர்தர் மில்லரின் 'எ வியூ ஃப்ரம் தி பிரிட்ஜ்' நாடகத்தை மைக்கேல் கேம்பனைக் கொண்டு இயக்கிப் பெரும்புகழ் பெற்றார். பிறகு? பெட்டியைக் கட்டிக்கொண்டு ஸ்கார்பரோவுக்கே திரும்பிவிட்டார். பெரிய வேலை செய்யப் பெரிய நகரத்துக்குத்தான் போக வேண்டும் என்று நம்மிலே பலர் பட்டம் கையில் வாங்கும் முன்பே முடிவு கட்டிவிடுகிறோம். போவது தவறன்று. ஆயினும், கடலோரச் சிற்றூர் ஒன்றின் நூலக மாடியும் உலக நாடகத்துக்கு ஊற்றாக முடியும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

1997-இல் அவருக்கு 'சர்' பட்டம் வழங்கப்பெற்றது. 2006 பிப்ரவரியில் பக்கவாதம் கண்டது. அதே ஆண்டு அக்டோபரில் அவருடைய 70-ஆவது நாடகம் மேடையேறியது. 2024-இல் எண்ணிக்கை 90-ஐத் தொட்டது.

ஆனால், என்னை மிகவும் கவர்ந்த செய்தி இவை எவையுமல்ல. 2020-ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றினால் உலகமெங்கும் அரங்குகள் மூடிக்கிடந்தன. ஸ்கார்பரோ அரங்கும் மூடிவிட்டது. ஒளி இல்லை, மேடை இல்லை, மக்கள் கூட வழியில்லை. 81 வயதான அய்க்போர்ன் என்ன செய்தார்? 'ஆனோ டாமினோ' என்றொரு புதிய நாடகத்தை ஒலி நாடகமாக எழுதித் தம் வீட்டிலேயே பதிவு செய்தார். நெடுநாள் நிலைத்த ஒரு மணவாழ்வு குலைகிறது. வரிசையாக நிறுத்திய டாமினோ வில்லைகளில் ஒன்று சாய்ந்தால் அடுத்தடுத்து எல்லாம் சாய்வதுபோல, அதனால் சுற்றமும் நட்பும் ஆட்டங்காண்கின்றன. இதுவே கதை. பதினெட்டு வயதிலிருந்து எழுபதைக் கடந்தவர் வரை எட்டுப் பாத்திரங்கள். குரல் கொடுத்தவர்கள் இருவரே. ஒருவர் அய்க்போர்ன். மற்றவர் அவர் மனைவி ஹெதர் ஸ்டோனி. 1964-இல் ரோதர்ஹாமில் இருவர் நாடகத்தில் அவரோடு நடித்த அதே நடிகைதான். 56 ஆண்டுகளுக்குப் பின் இருவரும் மீண்டும் சேர்ந்து நடித்தனர். இம்முறை குரலால் மட்டும். இயக்கியதும் அவரே, ஒலிகளைச் சேர்த்தமைத்ததும் அவரே. அவ்வாண்டு மே மாதம் ஸ்கார்பரோ அரங்கு அதனை மக்கள் கேட்கும்படி வெளியிட்டது.

எண்பதைக் கடந்த ஒருவர் பதினெட்டு வயதுப் பிள்ளையாகப் பேசலாமா? மேடையில் முடியாது. கண் ஒப்பாது. காது ஒப்புக்கொள்ளும். மேடை எல்லாவற்றையும் பறித்துக்கொண்ட காலத்தில், பதினேழு வயதிலிருந்து அவர் சேர்த்துவைத்த காதும் குரலும் மட்டும் அவர் கையில் எஞ்சியிருந்தன. அவை போதுமாயிருந்தன.

அன்பார்ந்த மாணவத் தோழர்களே, ஆசிரியப் பெருமக்களே, முடிவாக ஒரு வேண்டுகோள். குரல் எல்லாவற்றையும் தந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஈவாவின் மௌனத்தை எந்தக் குரலும் தாமாகத் தந்துவிடாது. அதை ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டும். இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பல அரங்குகளில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. வசனங்களின் இடைவெளியில், மேடையில் யார் என்ன செய்கிறார் என்பதை ஒருவர் சுருக்கமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். காதில் பொருத்திய கருவியின் வழியே பார்வையற்றோர் மட்டும் அதைக் கேட்பர். நமக்கு அத்தகைய கருவிகள் வேண்டுவதில்லை. கடைசி வரிசையில் இரண்டு நாற்காலிகளும், நாடகத்தை முன்பே படித்துவைத்த ஒரு மாணவனும், தாழ்ந்த குரலும் போதும். நம் கல்லூரியில் பார்வையற்ற மாணவர்கள் ஒருவர் இருவர் அல்லர். அடுத்த ஆண்டு விழாவில் நாடகம் நடக்கும்போது, அவர்கள் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒருவர் அமரலாமே! முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

மேடையில் பேசாமல் நிற்பவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறாரா என்று யாரேனும் கேட்டால், 'ஆம், இருக்கிறார்; சன்னல் அருகே நிற்கிறார்' என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். அந்தக் குரலும் நாடகத்தின் பகுதியே.